கூடிப் பயிலும் கல்வி

கல்வி ஆசிரியரிடம் தொடங்குவது. ஆயினும் அவரோடு முடிந்துவிடுவதன்று. ஆசிரியர் உரைப்பதை நன்கு கேட்டுணர்ந்த மாணவனும் புலமையில் கால் பங்கே பெறுவான் என்பது, பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் கருத்தாகும். உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கு வாய்க்கும். எஞ்சிய அரைப் பங்கு, கற்றதைப் பிறர்க்கு விளங்க உரைப்பதனால் நிரம்பும்.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரம் கல்வி வேட்கைக்குச் சான்றாய் விளங்குவது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855-1942) இளமையில் அரியலூரிலும், குன்னத்திலும், பெரம்பலூரை அடுத்த செங்கணத்திலும் தமிழறிந்த பெரியோரை நாடிப் பாடங்கேட்டார். செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடமே அவர் யாப்பருங்கலக்காரிகையைக் கற்றார். அக்காலத்தில் ஒரு நூலைக் கற்க ஊர்விட்டு ஊர் செல்ல வேண்டியிருந்தது.

இக்காலத்தில் அந்நிலை மாறிவிட்டது. இவ்வட்டாரக் கல்லூரிகளில் பயிலும் மாணவர் பலர், வகுப்பு முடிந்ததும் பேருந்தேறித் தத்தம் சிற்றூர்க்குப் பிரிந்து செல்வர். தேர்வு நெருங்கும்போது அவர்களைக் கைப்பேசியும் இணையமும் ஒன்றுகூட்டுகின்றன. 2020ஆம் ஆண்டு கொரோனா நோயால் கல்லூரிகள் மூடப்பட்டபோது இவ்வழக்கம் எங்கும் பெருகிற்று.

ஒரு பாடத்தில் ஐந்து அலகுகள் இருப்பின், ஐவர் கூடி ஆளுக்கோர் அலகைப் பகுத்துக்கொள்வர். ஒவ்வொருவரும் தம் பகுதிக்குக் குறிப்பெழுதி ஏனையோர்க்கு அனுப்புவர். இதனால் காலம் மிச்சமாகும். ஆனால், இங்கே ஓர் இடர் உண்டு. குறிப்பைப் பெற்றதனாலேயே பாடத்தைக் கற்றுவிட்டதாக மாணவன் மயங்குதல் கூடும். அவன் உண்மையில் கற்றது தான் எழுதிய ஓர் அலகே. மற்றை நான்கும் கைப்பேசியில் உறங்கும்.

இதற்குப் பரிகாரம் யாது? முதல் அலகை எழுதியவனிடம் மூன்றாம் அலகில் வினா எழுப்புதல் வேண்டும். அவன் நூலை மூடிவைத்து விடை கூறல் வேண்டும். அமெரிக்க நாட்டு உளநூல் வல்லுநர்களான ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதனை வலியுறுத்துகிறது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தோர், ஒரு வாரம் கழித்து அதில் நூற்றுக்கு 40 பங்கையே நினைவுகூர்ந்தனர். ஒருமுறை படித்துவிட்டுப் பின்னர் மும்முறை பாராமல் எழுதிப் பார்த்தோரோ 61 பங்கை நினைவில் வைத்திருந்தனர்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. ஒருவர் குறிப்பில் நேர்ந்த பிழை, நொடிப்பொழுதில் குழுவினர் அனைவரையும் சென்றடையும். ஐவரும் ஒரே பிழையைத் தேர்வில் எழுதுவர். ஆதலின், வந்த குறிப்பை மூலநூலோடு ஒப்பிட்டுத் தெளிதலும், ஐயம் நீங்காதவிடத்து ஆசிரியரை அணுகுதலும் இன்றியமையாதன.

குறிப்புகளைத் திரட்டி வைத்தல் ஒரு பேழைக்கும் இயலும். அவற்றின் பொருளை உணர்ந்து, உணராத தோழனுக்கு உணர்த்துதல் மாணவனுக்கே இயலும். அவ்வாறு உணர்த்துகின்றவன் தோழனுக்கு உதவுவதோடு தன் கல்வியையும் நிறைவுசெய்துகொள்கிறான்.