உங்களுக்குத் தெரியுமா? ஸ்காட்லாந்தில் ஏர் ஓடிய கதை

● ஓர் ஏருக்கு இரண்டு மாடு என்பதுதான் நம் கணக்கு. ஸ்காட்லாந்தின் பழைய மரக்கலப்பைக்கு எட்டு மாடு பூட்டினார்கள். அபர்டீன்ஷயர் பக்கம் பன்னிரண்டு! கல்லும் ஈரக் களியுமான அந்த மண்ணில் கொழு இறங்க அவ்வளவு இழுப்பு வேண்டியிருந்தது. மேழி பிடிக்க ஓர் ஆள், தார்க்கோலோடு மாடுகளை ஓட்ட ஓர் ஆள், சில இடங்களில் கலப்பை மேலே எழும்பாமல் அமுக்கிப் பிடிக்க இன்னோர் ஆள். எட்டு மாட்டை ஒரே குடும்பம் வைத்திருப்பது அபூர்வம். ஆகவே குத்தகைக்காரர்கள் ஆளுக்கு ஒன்றிரண்டு மாடு கொண்டுவந்து கூட்டாக உழுதார்கள். சண்டை வராமலா இருந்திருக்கும்?

● நிலத்தையும் மாட்டை வைத்தே அளந்தார்கள். ஒரு மாட்டின் பங்கு 'ஆக்ஸ்கேங்', ஏறத்தாழ 13 ஸ்காட்டிஷ் ஏக்கர். எட்டு மாட்டின் பங்கு சேர்ந்தால் 'ப்ளௌகேட்', 104 ஏக்கர். ஸ்காட்டிஷ் ஏக்கர் இங்கிலாந்து ஏக்கரைவிடக் கால் பங்குக்குமேல் பெரியது.

● அந்தக் காலத்து உழவு மேடுகள் சில மலைச்சரிவுகளில் இன்றும் தெரிகின்றன. பல இடங்களில் அவை பாம்புபோல வளைந்து கிடக்கும். உழவன் கோணலாக ஓட்டியதால் அல்ல. அத்தனை நீள மாட்டு வரிசையை வயலின் கோடியில் சட்டென்று திருப்ப முடியாது. கொஞ்சம் முன்னாலேயே வளைக்கத் தொடங்க வேண்டும்.

● மாடும் ஆளுமான இந்தக் கூட்டத்தைக் கலைத்தவர் ஒரு தச்சர். பெர்விக்ஷயரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்மால், 1760-களில் கலப்பையைத் திருத்த உட்கார்ந்தார். மண்ணைப் புரட்டிப்போடும் வளைபலகையை முதலில் மென்மரத்தில் செய்து ஓட்டிப் பார்த்தார். மரம் எங்கே சீக்கிரம் தேய்கிறதோ அங்கேதான் மண் அதிகம் அழுத்துகிறது என்று அர்த்தம். தேய்ந்த இடத்தைப் பார்த்துப் பார்த்து வளைவைத் திருத்தி, பிறகு வார்ப்பிரும்பில் செய்தார். இரண்டு குதிரை, ஓர் ஆள் போதும் என்றாயிற்று. காப்புரிமை எடுக்கவில்லை, மற்றவர்களும் தாராளமாகப் பார்த்துச் செய்துகொண்டார்கள். வரலாற்றுப் புத்தகங்கள் நீராவி எஞ்சினுக்குத் தரும் இடத்தில் பாதியாவது இவருக்குத் தரலாம்.

● தார்க்கோல்காரருக்கு வேலை போயிற்று. தனியாளாகிப்போன உழவனின் நடையைக் கணக்குப் போடுவோம். சாலின் அகலம் 9 அங்குலம் என்றால் ஓர் இங்கிலாந்து ஏக்கரை உழுது முடிக்க 11 மைல், அதாவது 17 கிலோமீட்டருக்கும் மேல் நடக்க வேண்டும். கோடியில் திரும்பும் தூரம் இதில் சேர்த்தி இல்லை.

● கல்யாணமாகாத உழவர்களைப் பெரும்பாலும் ஆறு மாத ஒப்பந்தத்தில்தான் வேலைக்கு வைத்தார்கள். அதற்கென்றே ஆள் பிடிக்கும் சந்தை கூடும். பேரம் படிந்ததும் கையில் அச்சாரக் காசு விழும், 'ஆர்ல்ஸ்' என்பார்கள். வாங்கிவிட்டால் பின்வாங்கக் கூடாது.

● வடகிழக்குப் பண்ணைகளில் குதிரைக்காரர்களுக்கு ரகசியச் சங்கமே இருந்தது. பெயர், 'குதிரைக்காரன் சொல்'. சேர வரும் இளைஞன் ஒரு ரொட்டியும் ஒரு புட்டி விஸ்கியும் கொண்டுவர வேண்டும். ராத்திரி, களஞ்சியத்தில், கண்ணைக் கட்டி, சாத்தானோடு கைகுலுக்கச் சொல்வார்கள். அவன் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ரோமத்தோல் சுற்றிய கோலோ, கன்றின் குளம்போதான்! அதன்பிறகே எந்தக் குதிரையையும் அடக்கும் மந்திரச் சொல்லைக் காதில் ஓதுவார்கள். மந்திரம் கிடக்கட்டும், தொழில் நுணுக்கம் வெளியே போகாமல் காப்பதற்கும் கூலியில் ஒற்றுமையாக நிற்பதற்கும் அந்தச் சங்கம் நன்றாகவே உதவியது.

● சாத்தானுக்கு நிலமும் இருந்தது! ஊரில் ஒரு துண்டு நிலத்தில் மட்டும் ஏர் படாது. அவன் பெயரைச் சொல்லப் பயந்து 'நல்லவர் காணி' என்ற பொருளில் அதை அழைத்தார்கள். 1594-ல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவை இந்த வழக்கத்தைக் கண்டித்தது.

● கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785-ல் மாஸ்கீல் பண்ணையில் உழும்போது கொழுவில் சிதைந்த எலிக்கூட்டைப் பார்த்துத்தான் தன் புகழ்பெற்ற எலிக் கவிதையை எழுதினார். ஏரைப் பிடித்தபடியே மனத்துக்குள் கட்டிய கவிதை அது என்கிறார் தம்பி கில்பர்ட். எடின்பரோ கனவான்கள் பர்ன்ஸைப் படிக்காத உழவனாகவே கொண்டாடினார்கள். அவர் நன்றாகப் படித்த குத்தகை விவசாயி.

● ஸ்கை போன்ற மேற்குத் தீவுகளின் பாறைச் சரிவுகளில் குதிரை ஏறாது. அங்கே அந்நாளில் 'காஸ் க்ரோம்' என்ற வளைந்த கால்கலப்பை. ஒரே ஆள், காலால் மிதித்து மண்ணைப் புரட்டிக்கொண்டே பின்னோக்கி நடப்பார். ஷெட்லாந்திலோ மண்வெட்டிதான், பெண்கள் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் மண்ணைப் புரட்டினார்கள்.

● ஓர்க்னி தீவுக்கூட்டத்தின் சவுத் ரொனால்ட்சேயில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் சிறுவர்களுக்கு உழவுப் போட்டி. வயல், கடற்கரை மணல். கலப்பை, கையடக்கம், முன்பு மாட்டுக் குளம்பைக் குச்சியில் கட்டியே உழுதார்களாம். சிறுமிகள் கழுத்துப்பட்டை, சேணம் எல்லாம் ஜிகினாவோடு பூட்டிக் குதிரைகளாக அணிவகுப்பார்கள். அவர்களுக்கும் தனிப் பரிசு உண்டு. சிறுவர்களின் சால் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் நடுவர்கள் சின்னப் பிள்ளைகள்தானே என்று சலுகை காட்டுவதில்லை.