மலையடிவாரத்தில் ஒரு சேற்றுக் காடு

கோல சிலாங்கூருக்குப் போகாத தோட்டத்துக் குடும்பம் இந்த வட்டாரத்தில் உண்டா? ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வழக்கம் ஒன்றுதான். புக்கிட் மெலாவத்தி மலைக்கு ஏறுவோம். பழைய பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்போம். குரங்குகளுக்குப் பயற்றங்காய் நீட்டுவோம். இருட்டியதும் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்த்துவிட்டு வீடு திரும்புவோம்.

ஆனால், மலைமேல் நின்று கடலை நோக்கும்போது காலடியில் ஒரு பச்சைக் காடு பரந்து கிடக்கிறதே, அதற்குள் இறங்கி நடந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அதுதான் 'தாமான் ஆலாம்' எனப்படும் கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா. 1940-ல் தோன்றிய இயற்கைச் சங்கமும் சிலாங்கூர் மாநில அரசும் கைகோத்து, 1987-ல் இதைத் திறந்தன. பூங்கா என்றதும் ரோஜாச் செடியும் ஊஞ்சலும் இருக்குமென்று எண்ணிவிடாதீர்கள். இங்கே இருப்பவை சேறும் நண்டும் கொசுவும்தான்! ஆனாலும் அந்தச் சேறு சொல்லும் கதை நம்முடைய கதையும்கூட.

ஒரு மண்கரை, இரண்டு காடுகள்

பூங்காவுக்குள் நீளமான மண்கரை ஒன்று போகிறது. கடல் நீர் உள்ளே வராமல் தடுக்க எழுப்பிய கரை அது. கரைக்கு அந்தப் பக்கம், கடல் நாளும் ஏறி இறங்கும் சதுப்பு நிலக் காடு. இந்தப் பக்கமும் ஒரு காலத்தில் அதே சதுப்பாகத்தான் இருந்தது. உப்பு நீர் நின்றது. பழைய மரங்கள் மெல்ல மெல்ல இடம்விட்டன. அத்தி முதலான தரைக்காட்டு மரங்கள் அங்கே குடியேறின. நடுவே பறவைகளுக்காகவே வெட்டிய ஏரி ஒன்றும் உண்டு.

கடலோரத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. மண்கரை போட்டு, கான் வெட்டி, மதகு வைத்து, உப்பு நீரை வடித்த பிறகுதானே இங்குள்ள பல நிலங்களில் தென்னையும் செம்பனையும் நிமிர்ந்தன? தஞ்சோங் காராங்கின் பச்சை வயல்களும் சதுப்பிலிருந்து பிறந்தவையே. முழங்கால் சேற்றில் நின்று மண்வெட்டி பிடித்த கைகள்தாம் இந்த மாவட்டத்தின் முகத்தை மாற்றின. மாறுவதற்கு முன் அந்த முகம் எப்படி இருந்தது என்பதைக் கரைமேல் நின்று இடமும் வலமும் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

பலகைப் பாதையில்

கரையைக் கடந்ததும் சதுப்புக் காட்டினுள் பலகைப் பாதை தொடங்குகிறது. கால் நனையாமல் சேற்றுக்கு மேலே நடக்கலாம். அவசரப்படாமல் ஓரிடத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அசைவற்றுக் கிடந்த சேறு மெல்ல உயிர் பெறும். ஒரு கை மட்டும் பெருத்த ஆண் நண்டுகள் அந்தக் கையை ஆட்டி ஆட்டிப் பெண் நண்டுகளை அழைக்கும். மலாய்க்காரர் 'பெலாச்சாக்' என்று சொல்லும் மீன், நீரை விட்டு வெளியே வந்து, துடுப்புகளை ஊன்றிச் சேற்றில் தாவும்.

மரங்களைப் பாருங்கள். 'பாக்காவ்' மரம் வளைந்த கால்கள் பலவற்றை ஊன்றி நிற்கிறது. பிச்சாவரத்தில் சுரபுன்னை என்பார்களே, அந்த இனம்தான். 'ஆப்பி-ஆப்பி' மரமோ, சேற்றில் மூச்சுவிட வழியில்லாததால், பென்சில் நட்டது போல வேர்களை மேல்நோக்கி நீட்டுகிறது. பாக்காவின் விதை தாய்மரத்திலேயே முளைத்து, நீண்ட காய்போல் தொங்குகிறது. விழுந்த இடத்தில் ஊன்றி வளர்வதும் உண்டு. அலையில் மிதந்து போய் வேறு கரையில் வேர் பிடிப்பதும் உண்டு. கடல் கடந்து வந்து காலூன்றியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

தில்லையும் பால்மரமும்

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்தது இத்தகைய சதுப்பு மரம் ஒன்றினால்தான். மலேசியக் கரையோரங்களிலும் வளரும் அந்தத் தில்லை மரத்தை மலாய் மொழியில் 'பூத்தா-பூத்தா' என்கிறார்கள். பூத்தா என்றால் குருடு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுத்துவிடும். நாம் தலைமுறை தலைமுறையாகச் சீவிய ரப்பர் மரமும் தில்லையும் ஒரே தாவரக் குடும்பம் என்பது பலர் அறியாத செய்தி!

கூலி கேட்காத காவல்காரன்

'வெறும் சேறுதானே, மண் கொட்டி மேடாக்கினால் வீடு கட்டலாமே' என்று சிலர் கேட்பதுண்டு. அவர்கள் 2004 டிசம்பர் 26-ஆம் நாளை நினைத்துப் பார்க்க வேண்டும். சுனாமி தமிழகக் கரையைத் தாக்கியபோது, பிச்சாவரம் பகுதியில் அலையாத்திக் காடுகளுக்குப் பின்னால் இருந்த கிராமங்கள், திறந்த கரையில் இருந்தவற்றைவிடக் குறைவாகவே சேதமடைந்தன. வேர்க் கூட்டம் அலையின் வேகத்தை உடைக்கிறது. மண்ணையும் பிடித்து வைக்கிறது. கோல சிலாங்கூரில் மண்கரைக்கு முன்னால் நிற்கும் காடும் இதே காவல் வேலையைத்தான் செய்கிறது.

நாம் விரும்பி வாங்கும் இறாலும் நண்டும் பல வகை மீன்களும் சிறு வயதில் ஒளிந்து வளர்வது இந்த வேர்களுக்கு இடையில்தான். மின்மினிக்கும் சேறு வேண்டும். அதன் புழு ஆற்றோர ஈரத்தில் நத்தைகளைத் தின்று வளர்கிறது. வளர்ந்த பிறகு 'பெரெம்பாங்' மரத்தில் விளக்கேற்றுகிறது. ஆற்றங்கரையை மொட்டையாக்கினால் விளக்கும் அணைந்துவிடும். செப்டம்பர் தொடங்கிச் சில மாதங்கள், சைபீரியா போன்ற வடதேசங்களிலிருந்து பறந்து வரும் பறவைகள் இந்தச் சேற்றுக் கரையில்தான் இரை தேடிப் பசியாறுகின்றன.

போகிறவர்களுக்கு

காலை வெயில் ஏறுமுன் செல்வது நல்லது. தொப்பி, தண்ணீர், வழுக்காத காலணி, கொசு மருந்து அவசியம். பலகைப் பாதை பழுதுபார்ப்புக்காக மூடியிருக்கலாம், புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். கடல் வற்றும் நேரத்தையும் கேட்டறிந்து சென்றால் நண்டுகளை நன்றாகப் பார்க்கலாம். குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள். நெகிழிப் பைகளை வீசாதீர்கள்.

இன்னொன்று. தோட்டங்கள் பல கைமாறி, வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பட்டணத்தில் வளரும் பிள்ளைகளுக்குக் கானும் தெரியாது, மதகும் தெரியாது. ஆகையால் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். மலையடிவாரத்திலிருந்து மெதுவாக நடந்தால் போதும். அந்த மண்கரைமேல் நின்று, இரண்டு பக்கத்தையும் காட்டி, இந்த நிலம் எப்படி நிலமானது என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல அவர்களைவிடப் பொருத்தமான ஆசிரியர் வேறு யார்?