அச்சேறும் கணக்கு

சிவகாசியில் 1920களில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. தீப்பெட்டிக்குச் சீட்டுகள் வேண்டியிருந்தமையால் அச்சுத்தொழிலும் உடன் தழைத்தது. அந்நகரை ஒட்டிய எம். புதுப்பட்டி போன்ற சிற்றூர்களில் உருவாகும் பட்டாசுகளும் விற்பனைக்குச் செல்லும்போது அச்சிட்ட தாள்களோடே செல்கின்றன. பெட்டியின்மேல் ஒட்டப்படும் சீட்டும் உடன்செல்லும் விலைப்பட்டியலும் பிழையற்று அமைவது எங்ஙனம்?

படிவத்தின் கோடுகளையும் தலைப்புகளையும் அச்சகம் முன்னரே அச்சிட்டுவிடும். கட்டங்களை நிரப்புவதே கணினியின் பணி. தொடர்தாளின் நீளம் 11 அங்குலம். அங்குலத்திற்கு 6 வரிகள் எனின், பக்கத்திற்கு 66 வரிகள். பக்கத்திற்கு 72 வரிகள் எனக் கணினியில் தவறாகக் குறித்துவிட்டால், இரண்டாம் பக்கம் 6 வரிகளும் மூன்றாம் பக்கம் 12 வரிகளும் கீழிறங்கிவிடும். சரியான எண்ணே தவறான கட்டத்தில் போய் அமரும்.

கணினி விரைவானது, அச்சுப்பொறி மெதுவானது. ஒன்றற்காக மற்றொன்று காத்திராதிருக்க அமைந்த முறையே ‘ஸ்பூலிங்’. 1988இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய ஏ.எஸ்./400 என்னும் இடைநிலை வணிகக் கணினியில், அச்சிடவேண்டியவை முதலில் வட்டில் சேமிக்கப்பட்டு வரிசையில் நிற்கும். அச்சுப்பொறி ஓய்வுறும்போது, ‘எழுதி’ எனப்படும் நிரல் அவற்றை ஒவ்வொன்றாக அனுப்பும். வேறு படிவம் தேவைப்படின், தாளை மாற்றுமாறு பணியாளருக்குச் செய்தியும் தரும். தாள் சிக்கினால், நின்ற பக்கத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம்.

இரண்டிற்கும் மொழியும் ஒன்றாதல் வேண்டும். ‘ஏ’ என்னும் ஆங்கிலப் பேரெழுத்துக்கு அக்கணினியின் குறியீட்டு எண் 193. பெரும்பாலான அச்சுப்பொறிகளில் அது 65. இடையில் மாற்றம் செய்யாவிடில் எழுத்துகள் சிதையும். அச்சுப்பொறியில் தமிழ் எழுத்துரு இல்லாதபோது, எழுத்துகளைப் புள்ளிகளாலான படமாக்கி அனுப்புவர்.

இவை சிறு நுணுக்கங்களாகத் தோன்றலாம். ஆனால், பொதுமக்கள் வெடிக்கும் பட்டாசுப் பெட்டிகளில் காணப்படும் 0336 என்னும் ஐ.நா. எண்ணும் 1.4ஜி என்னும் இடர்வகையும் அலங்காரங்கள் அல்ல. வழியில் சரக்குந்து விபத்துக்குள்ளானால், உள்ளிருப்பது யாதென மீட்புப் பணியாளர்க்கு உணர்த்துவன அவையே. ஆதலின், ஒரு வரி பிறழாமல் அச்சிடுவது அழகுக்காக மட்டுமன்று, உயிர்காக்கும் பொறுப்புமாகும்.