ஒரு திரைக்குள் மூன்று மேசைகள்

இரத்மலானையில் காலி வீதியை அண்டிய வாகன உதிரிப்பாகக் கடை ஒன்று. மொத்தமாகக் கொள்வனவு செய்ய வந்தவருக்கு விலைப்பட்டியலைக் காட்டுவதற்காக முதலாளி நானா கணினித் திரையைத் திருப்பினார். திரையில் தெரிந்ததோ வெளிநாட்டு விநியோகஸ்தர் அனுப்பியிருந்த கொள்விலைப் பட்டியல்! வந்தவர் எதுவும் பேசவில்லை, சிரித்தார். பிறகு அவர் கேட்ட விலைக்கழிவை நானாவால் மறுக்க முடியவில்லை.

இது கவனக்குறைவு மட்டுமல்ல. வங்கிக் கணக்கு, சுங்கப் பத்திரங்கள், எக்ஸெல் கணக்கு, மின்னஞ்சல், வாட்ஸ்அப் என எல்லாவற்றையும் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்து வைத்தால் எவருக்கும் இது நேரலாம். சிறிய திரையில் ஜன்னல்கள் முட்டிமோதும் இச்சிக்கலுக்கு, 'ரூம்ஸ்' என்ற பெயரில் வேலைக்கொரு அறையாகத் திரையைப் பிரிக்கும் முறையை 1986இலேயே செரொக்ஸ் நிறுவன ஆய்வாளர்களான ஹென்டர்சனும் கார்டும் வெளியிட்டிருந்தனர். விண்டோஸில் இவ்வசதி இயல்பாகவே இணைக்கப்பட்டதோ 2015இல், விண்டோஸ் 10உடன்தான்.

செய்முறை எளிது. விண்டோஸ் விசையையும் கொன்ட்ரோல் விசையையும் பிடித்தபடி 'டி' எழுத்தை அழுத்தினால் புதிய மேசை ஒன்று திறக்கும். அதே இரு விசைகளோடு இடது, வலது அம்புக்குறிகளை அழுத்தினால் ஒரு மேசையிலிருந்து மற்றதற்குத் தாவலாம். ஒரு மேசையில் நிற்கும்போது மற்ற மேசையின் ஜன்னல்கள் கீழ்ப்பட்டையிலும் தெரியாது. நானாவுக்கு வேண்டியிருந்தது இதுதானே!

ஆனால் திறந்துவிட்ட ஜன்னலை அடுத்த மேசைக்கு அனுப்புவது எப்படி? இங்குதான் பலர் தடுமாறுகின்றனர். விண்டோஸ், ஷிப்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஜன்னல் அடுத்த மொனிட்டருக்குத்தான் போகும், அடுத்த மேசைக்கு அல்ல. மேசை மாற்றுவதற்கென்று தனி விசை எதுவும் விண்டோஸில் இல்லை. விண்டோஸ் விசையுடன் டெப் விசையை அழுத்தி, அம்புக்குறியால் ஜன்னலைத் தெரிந்து, ஷிப்ட் - எப்10 அழுத்தினால் வரும் பட்டியலில் 'மூவ் டூ' என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். கல்குலேட்டர் போன்றவற்றை எல்லா மேசைகளிலும் காட்டச்செய்யும் தெரிவும் அப்பட்டியலிலேயே உண்டு.

இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட்டில் இந்தச் சுற்றுவழி தேவையில்லை. கொன்ட்ரோல், ஓல்ட், ஷிப்ட் மூன்றையும் பிடித்து அம்புக்குறியை அழுத்தினால் போதும்; ஜன்னல் நகர்ந்துவிடும். விண்டோஸ் 10க்கான மைக்ரோசொப்ட்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணினி வைத்திருப்போர் மின்ட்டைப் பரீட்சித்துப் பார்க்கலாம். ஆனால் பாவனையிலுள்ள கணக்கு மென்பொருள் அதில் இயங்குமா என்பதை முதலில் விசாரித்துக் கொள்ளுங்கள்.

இன்னொன்று, இது பூட்டு அல்ல. விசை தெரிந்த எவரும் அடுத்த மேசைக்குப் போகலாம். புதிய மின்னஞ்சல் அறிவித்தலும் எந்த மேசையில் நின்றாலும் மூலையில் எட்டிப்பார்க்கும். வாடிக்கையாளர் முன்னால் இருக்கும்போது அதை நிறுத்தி வைப்பதே நல்லது.

நானாவின் கணினியில் இப்போது விற்பனை முதல் மேசையிலும், கொள்வனவு இரண்டாவதிலும், வங்கி மூன்றாவதிலும் இருக்கின்றன. திரையைத் திருப்புமுன் எந்த மேசையில் நிற்கிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்.