காட்டிக் கொடுத்த காது!

கம்மல் போடும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். எலும்பு இல்லை. விரல் நுனி அளவு சதைதான். அதற்குக் காதுச் சோணை என்று பெயர்.

இந்தச் சிறு சதை ஒரு மனிதனை ஊரை விட்டே விரட்டுமா?

விரட்டும்! தொழுநோய் வந்தவர்கள் பலருக்கு அதுதான் நடந்தது.

தொங்கும் தோல்

தொழுநோய்க் கிருமிக்கு உடம்பில் குளிர்ச்சியான இடங்கள்தான் பிடிக்கும். மூக்கு, கை, கால், காதுச் சோணை எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். நோய் முற்றினால் சோணை தடித்து வீங்கும். புருவ முடி உதிரும். சிலருக்கு மூக்கு அமுங்கி விடும்.

மருந்து சாப்பிட்டால் கிருமி செத்துவிடும். வீக்கமும் வற்றும். ஆனால் விரிந்த தோல் பழையபடி சுருங்குவதில்லை. காற்றுப் போன பலூன் போலத் தொங்கும். நோய் போன பிறகும், "இவன் நோயாளி" என்று அந்தக் காது காட்டிக் கொடுக்கும். வேலை தர மாட்டார்கள். பெண் கொடுக்க மாட்டார்கள்.

கொல்லிமலைச் சிறுவன்

முகம் சரியானால்தான் வாழ்வு சரியாகும் என்பதைக் கண்டுகொண்ட ஒரு டாக்டர், நமது கொல்லிமலையில் வளர்ந்தவர்.

எடப்புளி நாடு, வாழவந்தி நாடு என்று பல நாடுகள் கொண்டது அந்த மலை. அங்கே ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலப் பாதிரியாரும் அவர் மனைவி ஈவ்லினும் மலைமக்களுக்கு மருத்துவம் செய்து வந்தார்கள். அவர்கள் மகன் பால் பிராண்ட் 1914-ல் பிறந்தவர்.

ஒருநாள் தொழுநோயாளிகள் மூவர் வீடு தேடி வந்தார்கள். தந்தை கையுறை மாட்டிக்கொண்டு அவர்கள் புண்களுக்குக் கட்டுப் போட்டார். சிறுவன் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் காட்சியை அவன் மறக்கவே இல்லை.

லண்டனில் டாக்டருக்குப் படித்த பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநார்களை மாற்றி இணைத்து நிமிர்த்தினார்.

கை சரியானவர்கள் வேலை தேடிப் போனார்கள். முகத்தைப் பார்த்ததும் கதவு சாத்தப்பட்டது!

அதன் பிறகு அமுங்கிய மூக்கை நிமிர்த்தினார்கள். தலைத்தோலை முடியோடு எடுத்துப் புருவம் வைத்தார்கள். தலைமுடி அல்லவா? நீளமாக வளரும். அவ்வப்போது கத்தரிக்க வேண்டும்!

காதுக்கு என்ன வைத்தியம்?

முதலில் நோய்க்கு மருந்து சாப்பிட்டு முடிக்க வேண்டும். பிறகு சோணை மரத்துப்போக ஊசி போடுவார்கள். மிகுதியான தோலை முக்கோணமாக வெட்டி எடுப்பார்கள். இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைப்பார்கள். அவ்வளவுதான்!

பாம்படம் போட்டு அறுந்துபோன பாட்டிமார் காதையும் ஓரங்களைச் சீவிச் சேர்த்துத் தைக்கிறார்கள். இது புது வித்தையும் அல்ல. சுசுருதரின் பழைய மருத்துவ நூலிலேயே சோணையை ஒட்ட 15 முறைகள் உண்டு.

கதவைத் திறப்போம்

டாக்டர் பிராண்ட் 2003-ல் காலமானார். இன்று கூட்டு மருந்து இருக்கிறது. 6 மாதம் அல்லது 12 மாதம் சாப்பிட்டால் நோய் குணமாகும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். உணர்ச்சியற்ற வெளிறிய படை கண்டால் உடனே போங்கள். காது தடிக்கும் வரை காத்திருக்காதீர்கள்.

காதைத் தைக்க டாக்டர் இருக்கிறார். சாத்திய கதவைத் திறக்க வேண்டியவர்கள் நாம்தான்.