அப்பாவுக்குத் தெரியாம கல்யாணம்... அதே வீட்டில் ஒரு வாரம்!

பொண்ணுக்கு 40 வயசு. இங்கிலாந்தே கொண்டாடும் கவிஞர். ஆனாலும் வீட்டில் கல்யாணப் பேச்சை எடுக்க முடியாது. அப்பா எட்வர்ட் பேரட் போட்ட ரூல் அப்படி. மகனோ மகளோ, யாருக்கும் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளை சரியில்லை, வசதி பத்தலைங்கிற பஞ்சாயத்தெல்லாம் இல்லை. கல்யாணமே கூடாது, அவ்வளவுதான்!

எலிசபெத் பேரட், ராபர்ட் பிரவுனிங் என்ற இரண்டு கவிஞர்களின் இந்த நிஜக் காதலைத்தான் 1934-ல் 'தி பேரட்ஸ் ஆஃப் விம்போல் ஸ்ட்ரீட்' என்ற பெயரில் ஹாலிவுட் படமாக்கியது. ஜோடியாக நார்மா ஷீரர், ஃப்ரெட்ரிக் மார்ச். ஆனா, மிரட்டியது என்னவோ அப்பாவாக வந்த சார்லஸ் லாட்டன்தான். இத்தனைக்கும் நிஜத்தில் அவர் 'மகளை'விட மூணு வயசுதான் பெரியவர். 'காதலன்' மார்ச்சைவிடச் சின்னவர்!

1845 ஜனவரியில் எலிசபெத்தின் கவிதைகளைப் படித்துவிட்டு பிரவுனிங் ஒரு லெட்டர் போட்டார். எலிசபெத்தோ நோயாளி. லண்டன் வீட்டில் தன் அறையைவிட்டு வெளியே வருவதே அபூர்வம். அதனால் காதல் பெரும்பாலும் தபாலில்தான் வளர்ந்தது. 20 மாதங்களில் 570-க்கும் மேற்பட்ட கடிதங்கள்!

1846 செப்டம்பரில், வீட்டைச் சீர் பண்ணணும், எல்லோரும் கொஞ்ச நாள் ஊர்ப்பக்கம் கிளம்புங்க என்றார் அப்பா. இனி தள்ளிப்போட்டால் அவ்வளவுதான். 12-ம் தேதி பணிப்பெண் வில்சனை மட்டும் கூட்டிக்கொண்டு சர்ச்சுக்குக் கிளம்பினார் எலிசபெத். வழியில் மயக்கம் வரும்போல இருக்க, மருந்துக்கடையில் நின்று தெம்புக்கு மருந்து வாங்கிக்கொண்டு போய்க் கல்யாணத்தை முடித்தார்.

படத்தில் இந்தக் கல்யாணம்தான் கடைசிக் காட்சி. வீட்டைவிட்டு வெளியேறிய பிறகு நடக்கும். நிஜம் அதைவிட த்ரில்லர். மோதிரத்தைக் கழற்றிவிட்டு அதே வீட்டுக்குத் திரும்பினார் எலிசபெத். ஒரு வாரம், அப்பாவுக்கு எதிரிலேயே எதுவும் நடக்காததுபோல இருந்தார். பிரவுனிங் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கலை. வாசலில் நின்று 'மிஸ் பேரட் இருக்காங்களா?' என்று கேட்க அவருக்கு மனசு வரலை. தன் மனைவியை எப்படி 'மிஸ்' என்று சொல்வது? இந்த ஒரு வாரத்தைப் படத்தில் வைக்காமல் விட்டது பெரிய இழப்புதான்.

19-ம் தேதி வில்சன், செல்ல நாய் ஃப்ளஷ் சகிதமாகக் கிளம்பினார்கள். போய்ச் சேர்ந்தது இத்தாலி.

சினிமா அப்பா, அந்த ஆத்திரத்தில் நாயைக் கொல்லச் சொல்வார். நிஜ அப்பா சத்தமே போடாமல் அதைவிடப் பெரிய தண்டனை கொடுத்தார். சொத்தில் பங்கில்லை, பேச்சும் இல்லை. 1851-ல் குழந்தையோடு லண்டன் வந்த எலிசபெத், மன்னிக்கச் சொல்லி மறுபடி எழுதினார். பதிலோடு ஒரு கட்டும் வந்தது. அத்தனை வருஷமும் அவர் அப்பாவுக்கு எழுதிய கடிதங்கள். ஒன்றின் முத்திரைகூட உடைக்கப்படவில்லை.