வார்லி தேவாலயத்தில் இல்லாத பெயர்கள்

டிக்கோயாவில் ஒரு தோட்ட லயத்தில் பிறந்தவள் நான். 1977 இனக்கலவரத்தின் பின் எமது குடும்பம் வவுனியாவுக்கு இடம்பெயர்ந்தது. 2009 இல் என் கணவர் காணாமற்போனார். அண்மையில் அத்தையைப் பார்க்க மலைநாட்டுக்குப் போனபோது, அவருடன் வார்லி தேவாலயத்துக்கும் சென்றேன். சிறுவயதில் 'துரைமார் கோயில்' என்று எட்ட நின்றே பார்த்த கட்டடம் அது.

காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கிய மேட்டில் இத்தேவாலயம் நிற்கிறது. நீர்த்தேக்கம் வந்தது 1965 இல். அங்கிலிக்கன் சபையினரின் தேவாலயமோ 1878 இலேயே கட்டப்பட்டுவிட்டது. தோட்டத் துரைமார் தமது நாட்டுக் கிராமக் கோயிலைப் போலவே இதைக் கட்டினார்கள். கற்சுவர்கள், வண்ணக் கண்ணாடி யன்னல்கள், பழைய ஓர்கன் வாத்தியம், வெளியே கல்லறைத் தோட்டம்.

இந்தக் கிராமக் கோயில் மரபு மிகப் பழையது. ஐரோப்பாவில் 11, 12 ஆம் நூற்றாண்டுகளில் அரைவட்டக் கல்வளைவுகளோடு கோயில்கள் எழுந்தன. இதை 'ரோமனெஸ்க்' பாணி என்பர். கற்கூரையின் பாரம் சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளும். அதனால் சுவர்களைத் தடிப்பாகவும் யன்னல்களைச் சிறிதாகவும் வைத்தார்கள். பின்பு வந்த கூர்வளைவு பாரத்தைக் கீழ்நோக்கி இறக்கியதால் பெரிய யன்னல்கள் வைக்க முடிந்தது. 19 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இப்பழைய பாணிகளை மீண்டும் விரும்பி, தாம் போன நாடுகளிலெல்லாம் கட்டினார்கள்.

ஹற்றனுக்கு ரயில் வந்தது 1884 இல். அப்படியானால் 1878 இல் கல்லும் மரமும் மாட்டுவண்டியிலும் மனிதர் தலையிலும்தானே வந்திருக்கும்?

கல்லறைகளில் துரைமாரின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தேன். "சுமந்தவங்க நம்ம ஆளுங்கதான் புள்ள. அவங்க பேரு எங்க இருக்கு?" என்றார் அத்தை. மன்னாரிலிருந்து கால்நடையாக மலையேறிய எம் முன்னோரில் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை.

பொகவந்தலாவையிலுள்ள புனித மரியாள் தேவாலயத்தில், 1879 இல் இறந்த புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரனின் கல்லறை இருக்கிறது. அவர் இலங்கைத் தொழிலாளரையும் படம் பிடித்தார். படங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் உள்ள பலரின் பெயர்தான் எமக்குத் தெரியாது.

என் கணவருக்கும் கல்லறை இல்லை. அவர் இறந்துவிட்டார் என்று சொல்லவும் என்னால் முடியாது. அன்றிரவு பிள்ளையின் கொப்பி ஒன்றை எடுத்து அவருடைய பெயர், பிறந்த ஊர், செய்த தொழில், கடைசியாக அவரைக் கண்ட நாள், இடம் எல்லாவற்றையும் எழுதினேன். அத்தை சொல்லச் சொல்ல, பாட்டன் பாட்டியின் பெயர்களையும் எழுதினேன். மூன்று பக்கம் நிறைந்தது.

சகோதரிகளே, கல்லில் பொறிக்க எம்மிடம் வசதியில்லை. ஒரு கொப்பியும் பேனையும் போதும். உங்கள் வீட்டுப் பெயர்களை இன்றே எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கள்.